வரப்பு நடையும் சிலந்தி அறிதலும்

நெற்பயிரைத் தாக்கும் புகையானுக்கு மருந்து தெளிக்கவேண்டிய தருணம் எது என்பதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஓர் அளவு வகுத்துத் தந்திருக்கிறது. வயலில் சிலந்திகள் இல்லாவிடில், தூர் ஒன்றுக்கு ஒரு புகையான் வீதம் கண்டவுடன் தெளிக்கலாம். குத்து ஒன்றுக்கு ஒரு சிலந்தி வீதம் இருக்குமாயின், தூர் ஒன்றுக்கு இரண்டு புகையான் சேரும் வரையில் பொறுத்திருக்கலாம். அதாவது, குத்தின் அடியில் ஒரு சிலந்தி உட்கார்ந்திருப்பதனாலேயே விவசாயி பொறுக்கவேண்டிய அளவு இரட்டிக்கிறது. ஒரு தெளிப்பின் செலவும், ஆளின் கூலியும், தெளிப்பவனுடைய தேகநலமும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கின்றன.

இவ்வளவு எளிய கணக்கு கிராமங்களில் ஏன் கையாளப்படுவதில்லை? புகையானைப் பெரும்பாலான குடியானவர்கள் அறிவார்கள். சிலந்தியையோ ‘எட்டுக்கால் பூச்சி’ என்று ஒரே பெயரால் அழைத்து, மற்றப் பூச்சிகளோடு சேர்த்துவிடுகிறார்கள். உண்மையில் சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்குக் கால் ஆறு, உடற்பகுதி மூன்று. சிலந்திக்குக் கால் எட்டு, உடற்பகுதி இரண்டே. இறக்கையும் உணர்கொம்பும் இல்லை. பயிரைக் கடிக்கவோ சாற்றை உறிஞ்சவோ அதனால் ஆகாது. அது உயிருள்ள இரையைப் பிடித்து, அதன்மீது செரிநீரை உமிழ்ந்து, கரைந்த சாற்றை உறிஞ்சி வாழும் ஜந்து. வயலில் சிலந்தி மிகுந்திருப்பதைக் கண்டு பயந்து மருந்தடிப்பவர்களும் உண்டு. அவர்கள் காவற்காரனை அடித்துத் துரத்திவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவைக்கிறார்கள்.

இந்த அறியாமையைக் கூட்டத்தில் உட்காரவைத்துப் பிரசங்கம் செய்து போக்கிவிட முடியாது. படத்தில் பார்த்த சிலந்தி ஒன்று, வயலில் ஓடும் சிலந்தி மற்றொன்று. நடந்து, குனிந்து, தேடிக் கண்டவனுக்கே அது மறவாது. அதற்கு உதவக்கூடிய ஒரு விளையாட்டு பிற தேசங்களில் ஏற்பட்டிருக்கிறது. அதைப் பெரம்பலூர் ஜில்லா குன்னம் தாலுகாவிலுள்ள லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

பெட்டி தேடும் நடை

வானில் சுற்றும் துணைக்கோள்களின் சமிக்ஞையைக்கொண்டு பூமியில் ஓரிடத்தைக் கணிக்கும் அமெரிக்க ஏற்பாட்டில், பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞை வேண்டுமென்றே பிழைபட வைக்கப்பட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி அந்தத் தடை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாகாணத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கருகே ஒரு வாளியைச் சில சாமான்களோடும் ஒரு குறிப்புப் புத்தகத்தோடும் காட்டில் மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை வெளியிட்டார். சில நாட்களுக்குள் பிறர் அதைத் தேடிக் கண்டுபிடித்துப் புத்தகத்தில் பெயரெழுதினர். இதுவே ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டின் தொடக்கம். இன்று உலகெங்கும் இவ்விதப் பெட்டிகள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன. கண்டெடுத்தவர் புத்தகத்தில் பெயரும் தேதியும் எழுதவேண்டும். பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடி வைக்கவேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதற்கீடாக வேறொன்றை வைக்கவேண்டும். விதிகள் இவ்வளவே.

இடத்தை எண்ணால் குறிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னைக்கருகே பரங்கிமலையில் லாம்டன் துரை அளக்கத் தொடங்கிய அடிக்கோட்டிலிருந்தே இத்தேசத்தின் பெரிய நில அளவை வளர்ந்தது. சர்வே எண்ணையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு, புதருக்குள் புதைந்த எல்லைக்கல்லைத் தேடிக் காட்டும் கிராம நிர்வாக அலுவலர், இவ்விளையாட்டை ஏற்கெனவே அறிந்தவரென்றே சொல்லலாம். வேறுபாடு ஒன்றுதான்: சங்கிலிக்குப் பதில் கைப்பேசி.

கைப்பேசியின் வரையறையைத் தெரிந்துகொள்ளவேண்டும். திறந்த வெளியில் அது சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். தென்னந்தோப்பினுள்ளும் அடர்ந்த மரத்தடியிலும் பிழை கூடும். இடக்குறிப்பைப் பாகை, கலை, கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று மூன்று தசம இலக்கம் வரை எழுதுவது வழக்கம். அட்சரேகையில் அக்கடைசி இலக்கம் ஒன்று மாறினால் பூமியில் சுமார் 1.85 மீட்டர் நகரும். ஐந்து மாறினால் தேடுபவர் ஒன்பது மீட்டர் தள்ளி, அடுத்தவர் வயலில் இறங்கி நாற்றை மிதித்துக்கொண்டிருப்பார். ஆகையால் குறிப்பெடுப்பவர் ஒரே இடத்தில் சற்று நேரம் நின்று, இரண்டு மூன்று தடவை பார்த்து எழுதுவது உத்தமம். கருவி இடத்தினருகே கொண்டுபோய் விட்டுவிடும். கடைசிப் பத்து அடியைக் கண்ணால்தான் தேடியாகவேண்டும். சிலந்தியைக் காண்பதற்கும் அதே பழக்கமே வேண்டியிருப்பதால், இவ்விளையாட்டும் இப்பாடமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

வழியும் பருவமும்

லப்பைக்குடிக்காடு வெள்ளாற்றின் தென்கரையிலுள்ள பேரூராட்சி. எதிர்க்கரை கடலூர் ஜில்லா. ஆற்றையும் பாசன வசதியையும் ஒட்டி நெல்லும், உள்ளே செல்லச் செல்லப் பருத்தி, மக்காச்சோளம் ஆகிய புன்செய்ப் பயிர்களும் இப்பகுதியில் காணப்படுகின்றன. ஆகவே இரண்டு கிலோமீட்டருக்கு மேற்படாத நடையிலேயே சேற்றுவயல், வரப்புப் புல், கரிசல் புன்செய், முள்வேலி ஆகிய நான்கையும் கண்டுவிடலாம். இடத்திற்கொரு பெட்டியாக நான்கு பெட்டி போதும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சம்பா நெல்லும் பருத்தியும் ஒருங்கே வயலில் நிற்பதோடு, விடியற்காலைப் பனித்துளி வலைகளில் தங்கி அவற்றை வெள்ளைத் துணி விரித்தாற்போல் காட்டுமாதலால், அப்பருவமே சிறந்தது. வெயில் ஏறிவிட்டால் பனியும் போய்விடும், வலையும் கண்ணுக்குத் தெரியாது. மருந்து தெளித்த வயலில் சில நாட்கள் இறங்கலாகாது என்பதை நினைவில் வைத்து நடையின் நாளைக் குறிக்கவேண்டும்.

பெட்டி வைப்பதில் ஜாக்கிரதை வேண்டும். நெல் வரப்பின் வளையில் கண்ணாடி விரியனும், புன்செய்க் கல்லடியில் சுருட்டை விரியனும் தேளும் தங்கும். எலி வளையிலோ, கற்குவியலிலோ, சருகினடியிலோ பெட்டியை ஒருபோதும் மறைக்கலாகாது. இடுப்பளவு உயரத்தில் மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுவதே நலம். தேடுபவர் கையை நீட்டுமுன் கோலால் தட்டிப் பார்க்கவேண்டும். எல்லைக்கல்லின் அடியில் தோண்டி வைப்பது அறவே கூடாது. கல் அசைந்தால் பின்னர் வழக்கு அசையும். நிலத்துக்குரியவரின் சம்மதத்தை முதலில் பெற்று, கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் செய்தி கொடுத்து, பெட்டியின்மேல் இன்னார் இன்ன காரியத்துக்கு வைத்தது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவேண்டும். பெயரில்லாத டப்பா வீணான சந்தேகத்தை உண்டாக்கும்.

மூடி இறுகிய சிறு டப்பாவே பெட்டி. அதனுள் ஒரு குறிப்புப் புத்தகமும், ஈரத்தில் மை கலையுமாதலால் ஒரு பென்சிலும், அவ்விடத்துச் சிலந்தியின் அடையாளம் எழுதிய அட்டையும், கைலென்சும் இருந்தால் போதுமானது. தின்பண்டம் வைத்தால் எறும்பும் எலியும் முந்திக்கொள்ளும். உயிருள்ள சிலந்தியை அடைத்து வைப்பது பாடத்தின் நோக்கத்திற்கே விரோதமானது.

சேற்றுவயலில் காண்பவை

நெல்வயலுக்கு மிகுந்த உபகாரம் செய்வது ஓநாய்ச் சிலந்தி. பார்டோசா சூடோஅனுலேட்டா என்பது அதன் சாஸ்திரப் பெயர். முன்னுடலின் மேல் கவட்டைபோல் பிரிந்த ஒரு குறி இருப்பதைக்கொண்டு இதை எளிதில் அறியலாம். இது வலை பின்னுவதில்லை. குத்தின் அடிப்பாகத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே காத்திருந்து, இரையைத் துரத்திப் பிடிக்கும். அசைத்தால் நீரின்மேல் ஓடும். புகையானும் அதே அடிப்பாகத்தில்தான் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. வேட்டைக்காரனும் வேட்டையும் ஒரே வீட்டில் குடியிருப்பது இதற்குள்ள விசேஷம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், இது நாளொன்றுக்கு 5 முதல் 15 இரைகள் வரையில் கொல்லும் என்று எழுதியிருக்கிறார்கள். பெண் சிலந்தி மூன்று நான்கு மாத ஆயுளில் 200 முதல் 400 முட்டைகள் வரை இடும். முட்டைப்பையைத் தன் பின்புறத்தில் ஒட்டிச் சுமந்து திரியும். பொரித்த குஞ்சுகள் அறுபது எண்பது தாயின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும். வெண்ணிற உருண்டை ஒன்றைச் சுமந்துகொண்டு ஓடும் சிலந்தியை நடையின்போது ஒருவர் கண்டுவிட்டால், மற்றவர்களெல்லாம் குனிந்து தேடாமல் இரார்.

அதே அடிப்பாகத்தில் குள்ளச் சிலந்தி என்று ஒன்று உண்டு. மிகச் சிறியதாகையால் ஓநாய்ச் சிலந்தியின் குஞ்சென்று மயங்குவார்கள். தத்துப்பூச்சிகளின் இளம் பருவத்தை நாளொன்றுக்கு நான்கைந்து வீதம் தின்னும்.

மேற்பரப்பில் வேறு கூட்டம். நீள்தாடைச் சிலந்தி பகலில் இலையோடு இலையாகக் கால்களை முன்னும் பின்னும் நீட்டிப் படுத்திருக்கும். பார்த்தவர் உலர்ந்த தாளென்றே எண்ணுவர். காலை வேளையில் வட்டவலையின் நடுவே இருக்கும். லிங்ஸ் சிலந்திக்கு வலையில்லை. கால்களில் முட்கள் நிறைந்திருக்கும். பெண்ணின் வயிற்றின் இருபுறமும் சாய்வான வெள்ளைக் கோடுகள் காணப்படும். இது தாளின் மேல் தாவித் தாவி அந்துப்பூச்சிகளை நாளொன்றுக்கு இரண்டு மூன்று வீதம் பிடிக்கும். ஓர் அந்துப்பூச்சியைக் கொல்வது அது இடவிருந்த முட்டைகளையெல்லாம் கொல்வதற்குச் சமானமாகையால், இந்த இரண்டு மூன்றைச் சொற்பமென்று எண்ணலாகாது.

வரப்பும் புன்செயும்

வரப்புப் புல்லின்மேல் பனியில் நனைந்த தட்டையான விரிப்பும், அதன் ஒரு மூலையில் புனல்போல் உள்ளிறங்கும் துளையும் காணப்பட்டால், அது ஹிப்பாசா என்னும் ஓநாய்ச் சிலந்தி இனத்தின் வீடு. துரும்பால் விரிப்பை மெல்ல அதிரச் செய்தால் உள்ளிருந்து ஓடிவரும். வரப்பைப் புல் பூண்டில்லாமல் வழித்துச் செதுக்கி மொட்டையாக்கும் வழக்கத்தால் இவை ஒதுங்க இடமின்றிப் போகின்றன. வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ விதைத்தால் குடும்பத்துக்குப் பயறும் சிலந்திக்கு நிழலும் கிடைக்கும்.

பருத்தியில் இலைக்கு இலை தாவும் சிலந்தியும், பச்சை நிற லிங்ஸ் சிலந்தியும், பூவினுள் நண்டைப்போல் கால் விரித்துக் காத்திருக்கும் நண்டுச் சிலந்தியும் உண்டு. நண்டுச் சிலந்தி தேனீயையும் பிடித்துத் தின்றுவிடும் என்பதை மறைக்கவேண்டியதில்லை. சிலந்திக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதம் தெரியாது. செடிகளினிடையே பெரிய வட்டவலையில் வெள்ளை நூலால் பெருக்கல் குறிபோல் தைத்து, அதன் நடுவே தலைகீழாக அமர்ந்திருப்பது ஆர்ஜியோப். சிறுவர்களுக்கு இதைக் காட்டினால் ஒருபோதும் மறவார்கள்.

நான்காவது பெட்டி முள்வேலியில். சீமைக்கருவேலிலும் மற்ற முட்செடிகளிலும் அழுக்கேறிய பஞ்சுமூட்டைபோல் வலைக்கூடு தொங்குவதைத் தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகளில் காணலாம். ஸ்டீகோடிஃபஸ் சரசினோரம் என்னும் கூட்டுச் சிலந்தியின் வேலை அது. சிலந்திகள் பெரும்பாலும் ஒன்றையொன்று தின்னும் தனிவாசிகளாயிருக்க, இவை நூற்றுக்கணக்கில் கூடிவாழ்ந்து, வலையில் விழுந்த வெட்டுக்கிளியைக் கூடியிழுத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. தாய் கடைசியில் தன் உடலையே குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுத்துவிடுகிறது. வேலியை வெட்டுகிறவர்கள் இக்கூட்டைத் தீயிட்டுக் கொளுத்துவது தேவையற்ற பாவம்.

சிலந்தி பட்டால் தோலில் கொப்புளம் எழும்பும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. நெல்வயற் சிலந்திகள் நசுக்கினாலன்றிக் கடிப்பதில்லை. இரவில் விளக்கொளிக்கு வந்து, கழுத்தில் நசுக்கப்பட்டு, காலையில் கோடுபோல் கொப்புளம் எழுப்புவது பெரும்பாலும் பேடரஸ் என்னும் கருப்பும் ஆரஞ்சும் கலந்த மெல்லிய வண்டின் நச்சுநீர். பழி மட்டும் சிலந்திக்கு. அவ்வண்டும் நெல்வயலில் தத்துப்பூச்சிகளைத் தின்னும் நண்பனே. உடம்பில் ஊர்ந்தால் நசுக்காமல் ஊதிவிட்டால் ஒரு கெடுதலும் இல்லை. இவற்றையெல்லாம் நன்றாக அறிந்தவர்கள் நாள்தோறும் வயலில் குனிந்து களையெடுக்கும் பெண்களே. நடைக்கு அவர்களை அழைக்காமல் நிலச்சுவான்தார்கள் மட்டும் போவார்களேயானால், பாதிச் சிலந்திகளைக் காணாமலே திரும்புவார்கள்.

எண்ணிப் பார்த்தல்

முதற்பெட்டியின் புத்தகத்தில் பெயரோடு ஒரு கணக்கும் எழுதப்படவேண்டும். வயலின் குறுக்கே நடந்து பத்துக் குத்துகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் மெல்லச் சாய்த்து அடிப்பாகத்தைத் தட்டினால், புகையான் நீரில் விழும், சிலந்தி நீரின்மேல் ஓடும். இரண்டையும் எண்ணவேண்டும். உதாரணமாக, குத்துக்குப் பதினைந்து தூர் வீதம் பத்துக் குத்தில் 150 தூர்கள் என்று கொள்வோம். புகையான் 225 இருந்தால் தூருக்கு ஒன்றரை. பத்துக் குத்தில் சிலந்தி பத்தோ அதற்கு மேலோ இருந்தால் மருந்து வேண்டாம். சில நாள் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கவேண்டும். சிலந்தி இரண்டோ மூன்றோதான் என்றால் காத்திருப்பது ஆபத்து. வேளாண்மை அலுவலரைக் கலந்து, நீரை வடித்து, தூரின் அடியில் படும்படி தெளிக்கவேண்டும். ஒரே வயல், ஒரே புகையான். தீர்ப்பு மாறுவது சிலந்தியின் தொகையால்.

தவறான மருந்தை முன்கூட்டித் தெளித்தால் புகையான் ஏன் பெருகுகிறது என்பதையும் இங்கே விளக்கவேண்டும். புகையானின் முட்டை இலையுறையின் திசுவுக்குள் புதைந்திருப்பதால் மருந்துக்குத் தப்புகிறது. வெளியில் திரியும் சிலந்தி மடிகிறது. சில நாளில் குஞ்சுகள் பொரித்து வெளிவரும்போது தின்ன ஆளில்லை. புகையான் ஒரு மாதத்திற்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடும். சிலந்தி அவ்வளவு விரைவில் பெருகாது. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைப் புகையானுக்கு உபயோகிக்கலாகாதென்று பல்கலைக்கழகம் எச்சரிப்பது இதனாலேயே. இந்தோனேசியாவில் இத்தவறு தேச அளவில் நிகழ்ந்து, 1986-இல் அந்நாட்டு அதிபரின் ஆணையால் 57 பூச்சிமருந்துகள் நெல்லுக்கு விலக்கப்பட்டன. 1989 முதல் அங்கே விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பழகும் வயல்வெளிப் பள்ளிகள் நடத்தப்பட்டன. ஜாவாவில் செய்த ஆராய்ச்சியில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது: நட்ட புதிதில், புகையான் வருமுன்பே, சேற்றிலுள்ள மட்கைத் தின்று வளரும் சிறு கொசுவினங்களை இரையாகக்கொண்டு சிலந்திகள் பெருகிவிடுகின்றன. தழையுரமும் தொழுவுரமும் இட்ட வயலில் காவல் முன்னதாகவே கூடுகிறது என்பது இதன் பொருள். அந்த முதல் மாதத்தில் தெளிக்கும் மருந்தே எல்லாவற்றிலும் கெடுதலானது.

வியட்நாமில் மீகாங் ஆற்றுப் படுகை விவசாயிகளை, விதைத்த முதல் 40 நாள் ஒரு சிறு பாத்தியில் மட்டும் மருந்தடிக்காமல் விட்டு, மற்றதோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று 1990-களில் தூண்டினார்கள். நம்பச் சொல்லவில்லை, பார்க்கச் சொன்னார்கள். இங்கும் ஒருவர் ஐந்து சென்ட் ஒதுக்கிச் சோதித்தால் நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.

சிலந்தி எல்லாம் செய்துவிடும் என்று எண்ணவும் கூடாது. தண்டினுள் புகுந்த குருத்துப்பூச்சியின் புழுவையும், 2018-இல் இந்தியாவுக்குள் வந்து மக்காச்சோளத்தின் குருத்துக்குள் ஒளிந்துகொள்ளும் படைப்புழுவையும் அதனால் எட்ட முடியாது. பருத்தியில் காய்க்குள் இருக்கும் புழுவும் அப்படியே. இவற்றிற்கு இனக்கவர்ச்சிப் பொறி முதலிய வேறு உபாயங்கள் வேண்டும். பருத்தியைப்பற்றி இதே ஜில்லாவில் வேப்பந்தட்டையிலுள்ள பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். ஆனால் எண்ணாமல் அடிக்கும் மருந்தின் விலை பணம் மட்டுமன்று. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் பலர் நச்சு ஏறி இறந்தார்கள். அதே ஆண்டில் பெரம்பலூர் ஜில்லாவிலும் பருத்தி வயலில் தெளித்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, சிலர் உயிரிழந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த செடிக்குள், காற்றோட்டமின்றி, முகமூடியின்றி இறங்குபவன் பெரும்பாலும் நிலத்துக்குடையவனல்லன், கூலிக்கு வந்தவன். வேண்டாத ஒரு தெளிப்பைத் தவிர்ப்பது முதலில் அவனைக் காப்பதாகும்.

புத்தகங்களில் தேதிவாரியாகச் சேரும் எண்ணிக்கையை, தெளித்த வயல் எது, தெளிக்காத வயல் எது என்ற குறிப்போடு பேரூராட்சி அலுவலகத்திலோ உழவர் குழுவிடமோ ஒரே தாளில் பெயர்த்தெழுதி வைத்தால், அடுத்த சம்பாவில் எந்த வயலில் முதலில் எண்ணத் தொடங்கவேண்டுமென்பது தெரியும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே பெட்டிகளை எடுத்துவிடவேண்டும்; இயந்திரம் இறங்கியபின் கட்டிய கிளையும் இராது, பெட்டியும் இராது.